சுக்லாதியின் இடதுகைத் துப்பாக்கி

எதிர்வீட்டு மதிக்குக் கூரியரில் ஒரு கத்தரிக்கோல் வந்தது. இடதுகைக்காரர்களுக்கென்றே செய்ததாம். மதி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். படம் வெட்டி ஒட்டுவதுதான் இப்போதைக்கு அவளுடைய முழுநேர வேலை. அவள் அம்மா கவிதா போனில் தேடி, நீலம், மஞ்சள், ரோஸ் என்று வரிசையாக வந்ததில் மஞ்சளைத் தேர்ந்தெடுத்து வரவழைத்திருந்தாள். எனக்குக் காட்ட வேண்டுமென்று மதி என் வீட்டுக்கு ஓடி வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழைய காலண்டர் தாளை வெட்டிப் பார்த்தாள். தாள் வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து நின்றது. மறுபடி வெட்டினாள். மறுபடியும் மடிந்தது.

"இது சரியில்ல ஆன்ட்டி. என்னோட பழசே நல்லா வெட்டும்" என்றாள்.

"ரிட்டர்ன் போட்டுடறேன்" என்று கவிதா வாசலில் நின்றபடியே போனை எடுத்தாள். கொடுத்த கெடுவுக்குள் திருப்பி அனுப்பலாமாம். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போவார்களாம்.

கத்தரிக்கோலில் குற்றமில்லை. இத்தனை நாள் சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்து, அலகு விலகாமல் இருக்கக் கட்டைவிரலை ஒரு மாதிரி திருகி வெட்டப் பழகியிருக்கிறாள் மதி. சரியானது வந்ததும் அந்தத் திருகல்தான் தாளை மடக்குகிறது. இது எனக்குப் பார்த்தவுடன் புரிந்தது. நான் பெரிய அறிவாளி என்று நினைத்துவிடாதீர்கள். கத்தரிக்கோலின் ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தது. மதி அதை மேசையில் வைத்தபோது அந்த வாசனை மூக்கில் ஏறியது, அவ்வளவுதான். அந்த மெல்லிய எண்ணெய் வாசனையில் நான் என் இளமையின் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்திருக்கிறேன். இதே கூத்தை இன்னும் பெரிய அளவில் சாந்த்ராகாச்சியில் பார்த்திருக்கிறேன். அங்கே வந்து இறங்கியது கத்தரிக்கோல் இல்லை, துப்பாக்கி.

பயப்பட வேண்டாம், நான் யாரையும் சுட்டதில்லை. தாளில் அச்சடித்த கறுப்பு வட்டத்தைத்தான் சுட்டேன், அதிலும் பல நாள் படவில்லை. அப்பா தூத்துக்குடிக்காரர், கொல்கத்தா துறைமுகத்தில் வேலை. கிதிர்பூர் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்து, ஸ்ட்ராண்ட் ரோட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து சரக்கு வந்தால் கஸ்டம்ஸில் காகிதம் காட்டி வெளியே எடுத்துத் தருவதுதான் எங்கள் ஆபீசின் பிழைப்பு. என்.சி.சி.யில் கூட இருந்த ஒரு தோழி ரைபிள் கிளப்பில் சேரலாம் வா என்று இழுத்துக்கொண்டு போனாள். அவள் அடுத்த மாதமே கல்யாணமாகிப் போய்விட்டாள். நான் மாட்டிக்கொண்டேன்.

"ஏட்டி, ஒனக்கு வேற சோலியே இல்லியா? துப்பாக்கி சுடுத பிள்ளய எவன் கெட்டுவான்?" என்றாள் அம்மா.

"போட்டும், விடு. நாளைக்கு மாப்ள வீட்ல பேசுதப்போ நமக்கும் ஒரு தைரியம் வேணும்லா" என்றார் அப்பா. அத்தோடு அனுமதி கிடைத்துவிட்டது.

ஹூக்ளி ஆற்றின் மேல் புதுப் பாலம் திறந்திருந்த சமயம். பஸ்ஸில் பாலத்தைத் தாண்டினால் சாந்த்ராகாச்சி. ரயில்வே யார்டுக்குப் பின்னால் நீளமான தகரக் கொட்டகை, அதுதான் எங்கள் கிளப். கொட்டகையில் பாயை விரித்துக் குப்புறப் படுத்து ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் தாளைச் சுட வேண்டும். யார்டில் வண்டி கோக்கிறார்கள் என்றால் ஒரு பெட்டி அடுத்த பெட்டியில் மோதும் சத்தம் தரை வழியாகவே நெஞ்சுக்கு வரும். அப்போது யாராலும் சுட முடியாது. அதனால் ஷண்டிங் இன்ஜின் ஊதியதும் எல்லோரும் துப்பாக்கியைத் திறந்து கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவோம். வாசலில் டீக்காரர் மண் குவளைகளை அடுக்கத் தொடங்கிவிடுவார். எங்கள் கிளப்பில் டீ நேரத்தைக் கடிகாரம் சொல்லாது, தென்கிழக்கு ரயில்வே சொல்லும். குளிர்காலத்தில் பக்கத்து ஏரிக்கு எங்கிருந்தோ வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். இறக்குமதி அனுமதி இல்லாமல் வருகிறவை அவை மட்டும்தான் என்று கிளப் செயலாளர் மேஜர்தா சொல்வார். ஓய்வு பெற்ற மேஜர். ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் அதே ஜோக்.

அந்த ஜோக்குக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. எண்பதுகளில் அரசாங்கம் தனியார் யாரும் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்யக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டது. உள்நாட்டில் அரசாங்கத் தொழிற்சாலையில் செய்வதை வாங்கிக்கொள்ளலாம், அல்லது கதவு சாத்துவதற்கு முன்பு வந்த பழசு யாரிடமாவது இருந்தால் வாங்கலாம். நான் அந்தச் சட்டத்தைக் குறை சொல்லவில்லை. துப்பாக்கி என்ன கத்தரிக்காயா, கூறு கட்டி விற்பதற்கு? எங்கள் நாட்டில் எத்தனை குறைவாக இருக்கிறதோ அத்தனை நிம்மதி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சட்டம் ஒரு சன்னலையும் திறந்துதான் வைத்திருந்தது. போட்டிகளில் சுடுகிறவர்கள், தேசியப் போட்டியில் இன்ன புள்ளிக்கு மேல் எடுத்து 'ரினௌண்ட் ஷாட்' என்ற பெயர் வாங்கிவிட்டால், தங்களுக்கென்று ஒன்றை வரவழைத்துக்கொள்ளலாம். எல்லாம் நியாயம்தான். ஆனால் சுடுகிறவர்களில் இடதுகைக்காரர்களும் இருப்பார்கள் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

சுக்லாதி இடதுகைக்காரர்.

அக்காவை அங்கே தீதி என்பார்கள். பெயரோடு ஒட்டினால் வெறும் தி, அண்ணனென்றால் தா. சுக்லாதி ஹவுரா ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கவுன்ட்டரில் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். உருண்டை முகம், பெரிய குங்குமப் பொட்டு, வெள்ளைச் சங்கு வளையல். சுடுவதற்கு முன் வளையலைக் கழற்ற மாட்டார்; அங்கே கல்யாணமானவர்களுக்கு அது தாலி மாதிரி, கழற்றும் பொருள் இல்லை. கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். சாப்பிடுவது மட்டும் வலது கையில். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டபோது அம்மா அதைக் கவனித்துவிட்டு, "சோத்துக் கைலதான் திங்கா, பரவால்ல" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அதற்குப் பிறகு கிளப்பைப் பற்றி அம்மா வாய் திறக்கவில்லை. நாங்கள் இருவரும் வங்காளத்தில்தான் பேசிக்கொள்வோம். அவர் சொன்னதையெல்லாம் என் தமிழில்தான் உங்களுக்குத் தர முடியும்.

எங்கள் துப்பாக்கியின் வலது பக்கத்தில் ஓர் இரும்புப் பிடி இருக்கும், போல்ட் என்பார்கள். அதைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாக்கூடு வெளியே விழும். அடுத்ததை வைத்து முன்னால் தள்ளி மூடினால் சுடத் தயார். வலதுகைக்காரர்களுக்கு இது ஒன்றுமே இல்லை, விசையை அழுத்திய கையே இரண்டு விரற்கடை நகர்ந்து போல்ட்டைப் பிடிக்கும். சுக்லாதிக்கோ விசையில் இருப்பது இடது கை. அது ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியின் முதுகைத் தாண்டி மறுபக்கம் இறங்கி, போல்ட்டை இழுத்துத் தள்ளி, வந்த வழியே திரும்ப வேண்டும். கை தாண்டும்போது கன்னம் கட்டையை விட்டு எழும்பிவிடும். கன்னம் நூலளவு தள்ளிப் படிந்தாலும் குண்டு வட்டத்தை விட்டுப் போய்விடும். போதாததற்கு, கன்னம் வைக்கும் மேடும் வலதுகைக்காரர்களுக்கு வசதியாக இடது பக்கத்தில்தான் இருந்தது.

சுக்லாதி ஒரு ஹவாய் செருப்பை அறுத்தார். நீல நிறச் செருப்பு. அதில் கன்னத்தின் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, துப்பாக்கிக் கட்டையின் வலது பக்கம் டேப் போட்டு ஒட்டிக்கொள்வார். கிளப்புக்குச் சொந்தமான ஒரே ஒரு நல்ல ரைபிள், கதவு சாத்துவதற்கு முன்னால் வந்தது; மற்றவை உள்நாட்டில் செய்தவை. அந்த நல்லதைத்தான் நாங்கள் எல்லோரும் முறை வைத்துச் சுட்டோம். அதனால் சுட்டு முடித்ததும் செருப்புத் துண்டைப் பிரித்து, பிசின் போகத் துடைத்து, துண்டை டிபன் டப்பாவில் போட்டு எடுத்துப் போவார். அவருக்கு அடுத்து என் முறை. பாயில் படுத்தால் கட்டையில் அவருடைய பௌடர் வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து வரும். அதே துப்பாக்கி, அதே தோட்டா, நான் வலதுகைக்காரி, ஒரு தடங்கலும் இல்லை. என் தாளைப் பார்த்தால் வட்டத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் ஓட்டை.

ஒருநாள் எங்கள் ஆபீசுக்கு ஒரு ஜெர்மன் கம்பெனியின் கேட்லாக் வந்தது, ஏதோ இயந்திரச் சரக்கோடு தவறி வந்திருக்க வேண்டும். வழவழப்பான தாளில் பக்கம் பக்கமாகப் போட்டித் துப்பாக்கிகள். நான் அதைக் கிளப்புக்கு எடுத்துப் போனேன். டீ நேரத்தில் எல்லோரும் கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல் சுற்றி நின்று பார்த்தார்கள். கன்னமேட்டை ஏற்றலாம் இறக்கலாம், கட்டையை நீட்டலாம் குறைக்கலாம், சிவப்பு வேண்டுமா நீலம் வேண்டுமா என்று அச்சடித்திருந்தது. மேஜர்தா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு பக்கத்தில் ஒரு துப்பாக்கி, மற்றதெல்லாம் போலவே, ஆனால் போல்ட் இடது பக்கத்தில் இருந்தது. சுக்லாதி அந்த போல்ட்டின் மேல் விரலை வைத்தார், எடுக்கவில்லை.

"இப்படி ஒண்ணு செய்றாங்களா?" என்றார் கடைசியில். "நான் இத்தன நாளா என் கையிலதான் கோளாறுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

இறக்குமதி விதி என்றால் கிளப்பில் என்னைத்தான் கேட்பார்கள். சுடுவதில் பூஜ்யமாக இருந்தாலும் கொள்கைப் புத்தகத்தைப் புரட்டுவதில் நான் கில்லாடி என்று ஒரு பெயர். அடுத்த ஞாயிறு விதியைச் சொன்னேன். அந்தப் புள்ளியைத் தேசியப் போட்டியில் எடுத்தால்தான் இந்தத் துப்பாக்கியை வரவழைக்கலாம் என்றேன்.

"இந்தத் துப்பாக்கி இருந்தாத்தானே அந்தப் புள்ளி வரும்?"

"ஆமாம்."

சுக்லாதி டீயைக் குடித்து முடித்தார். குவளையை ஓரத்தில் போட்டார். "அப்ப அந்தத் துப்பாக்கி இல்லாமயே அந்தப் புள்ளிய எடுக்கணும். அவ்வளவுதானே மெட்ராஸ்?" என்றார். தூத்துக்குடி என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு நான் மெட்ராஸ்தான்.

அதற்கு முன் ஒரு குறுக்கு வழியும் முயன்று பார்த்தோம். கொல்கத்தாவில் டல்ஹௌசி பக்கத்தில் பழைய துப்பாக்கிக் கடை ஒன்று. கண்ணாடி அலமாரிக்குள் இங்கிலாந்தில் செய்த இரட்டைக் குழல்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் விலையும் ஒரு ஃப்ளாட் விலை. இடதுகை ரைபிள் பழசாக ஏதும் உண்டா என்று சுக்லாதி கேட்டதும் கடைக்காரர் தாஸ்பாபு சிரித்துவிட்டார். "வெளியிலேர்ந்து வர்றது நின்னு போச்சு மேடம். உள்ள இருக்கிறதுதான் கை மாறிக் கை மாறிச் சுத்துது. யாரோட தாத்தாவுக்கு எந்தக் கை வாகோ அந்தக் கைதான் இங்க கெடைக்கும்" என்றார். பஸ் ஸ்டாப் வரைக்கும் சுக்லாதி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு வருடக்கணக்கில் அவர் செய்தது ஒரே வேலைதான். கை தாண்டும், போல்ட், கை திரும்பும், கன்னம் நீலத் துண்டில் அமரும், மூச்சு. மழைக்காலத்தில் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறினால் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் படுத்துப் பழகினார். அவர் கணவர் தபன்தா சில ஞாயிறுகளில் மீன்குழம்போடு வந்து, யார்டைப் பார்த்து உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு போவார். சுக்லாதியின் கை ஒரு கட்டத்தில் அத்தனை அழகாகத் தாண்டியது. நான் சுடுவதை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

வடக்கே ஓர் ஊரில் தேசியப் போட்டி நடந்த வருடம் கிளப்பிலிருந்து அவரும் நானும் போனோம். நான் போனது பெண்கள் அணிக்கு ஆள் குறைந்ததால். போட்டிக்கு முன்னால் துப்பாக்கியைப் பரிசோதிப்பார்கள். பரிசோதகர் எங்கள் கிளப் ரைபிளைக் கையில் வாங்கி, அதில் ஒட்டியிருந்த நீலத் துண்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"யே க்யா ஹை?"

"லெஃப்ட் ஹேண்ட் மாடல், சார்" என்றார் சுக்லாதி. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அவர் அளவுகோலை வைத்துத் துண்டின் கனத்தை அளந்து பார்த்தார். விதிக்கு உட்பட்டுத்தான் இருந்தது. முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். சிரிக்கத்தான் நினைத்தார், ஆனால் அதற்குள் சுக்லாதி நகர்ந்துவிட்டார்.

அன்று நான் அவருக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் மளமளவென்று சுட்டு முடித்துப் பாயைச் சுருட்டினார்கள். இவர் கை மட்டும் தாண்டிப் போய்த் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. நேரம் முடியும் தறுவாயில்தான் கடைசிக் குண்டு போனது. பலகையில் புள்ளி எழுதும் இடத்துக்கு அவர் வரவில்லை. "நீ போய்ப் பாத்துட்டு வா, எனக்குக் கால் மரத்துப் போச்சு" என்றார். கால் மரத்ததெல்லாம் பொய். நான் போய்ப் பார்த்தேன். சட்டம் கேட்ட புள்ளிக்கு மேல் ஒரு சின்ன இடைவெளி விட்டு அவர் பெயர் இருந்தது. என் பெயரைத் தேடக் குனிய வேண்டியிருந்தது. திரும்பி ஓடி வந்து சொன்னபோது சுக்லாதி செருப்புத் துண்டைப் பிரித்து, கட்டையில் பிசினைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் கட்டையிலேயே விழுந்தது. இரும்பில் தண்ணீர் படக்கூடாது என்பதால் அதையும் துடைத்தார்.

அனுமதி, உரிமம், பணம் புரட்டுவது என்று அதற்குள் இரண்டு துர்கா பூஜை கடந்துவிட்டது. புது நூற்றாண்டும் பிறந்துவிட்டது. பெட்டி டம்டம் விமான நிலைய சரக்குக் கிடங்குக்கு வந்தபோது எங்கள் ஆபீஸ்தான் காகிதம் பார்த்தது, நான்தான் போனேன். கஸ்டம்ஸ் அதிகாரி பெட்டியைத் திறந்து, எண்ணைச் சரிபார்த்து, துப்பாக்கியைத் தூக்கிப் போல்ட்டை இழுக்க வலது பக்கம் கையை வைத்தார். ஒன்றும் இல்லை. திருப்பிப் பார்த்தார்.

"இத மாத்தி மாட்டிட்டாங்கம்மா. ஃபேக்டரி தப்பு. எழுதிப் போடுங்க, வேற அனுப்புவான்" என்றார் அக்கறையாக.

"தப்பில்ல சார். அதுக்காகத்தான் இத்தன வருஷம்" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிறு கிளப்பே கூடி நின்றது. டீக்காரர்கூட வந்துவிட்டார். சுக்லாதி படுத்தார், கன்னத்தை வைத்தார், சுட்டார். சுட்டதும் இடது கை எழுந்தது. துப்பாக்கியின் முதுகைத் தாண்டியது, வலது பக்கம் இறங்கியது, அங்கே இல்லாத போல்ட்டைத் துழாவியது. விசைக்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டும் தூரத்தில், புது போல்ட் சும்மா இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. முதலில் சிரித்தது சுக்லாதிதான்.

சிரிப்பாகவே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாதங்கள் போயும் கை கேட்கவில்லை. நினைவு வைத்துக்கொண்டு நிறுத்தினால் குறி தப்பியது. குறியைப் பார்த்தால் கை தாண்டியது. புள்ளி இறங்கிக்கொண்டே போனது. பழைய ரைபிளுக்கே போய்விடு என்று மேஜர்தா சொல்லிப் பார்த்தார். ஒரு டீ நேரத்தில் எல்லோரும் எழுந்து போன பிறகும் சுக்லாதி பாயிலேயே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நானா கேட்டு வாங்கினது. திருப்பிக் கொடுக்க முடியாது, நெனச்சா விக்கவும் முடியாது. அது எனக்குப் பழகாது மெட்ராஸ், நான்தான் அதுக்குப் பழகணும்" என்றார். யார்டில் பெட்டிகள் மோதிக்கொண்டிருந்தன. விதிப் புத்தகத்தில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மறுவாரம் அவர் டீக்காரரிடம் காலி மண் குவளை கேட்டு வாங்கினார். தோட்டா இல்லாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு படுத்து, துப்பாக்கியின் முதுகில், கை தாண்டும் இடத்தில், குவளையை நிறுத்தச் சொன்னார். வெறும் விசையை அழுத்துவார். கை பழைய வழியில் போனால் குவளை விழுந்து உடையும். அதுதான் பயிற்சி. முதல் நாள் அவர் பாயைச் சுற்றி ஒரே ஓடு. குவளை எடுத்து வைப்பது என் வேலை. கிளப்பில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை என்றும் சொல்லலாம். டீக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார். ஞாயிறு தவறாமல் இது நடந்தது. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு ஞாயிறு டீ நேரத்தில் பார்த்தால் காலையில் வைத்த குவளை அப்படியே நின்றது. சுக்லாதி அதிலேயே டீ வாங்கிக் குடித்தார்.

கை அடங்கிவிட்டது. கன்னம் அடங்கவில்லை. ஜெர்மன்காரன் கொடுத்த கன்னமேட்டை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார், எதிலும் உட்காரவில்லை. அந்த வருட விசுவகர்மா பூஜைக்குத் துப்பாக்கிகளையெல்லாம் மேசையில் வரிசையாக வைத்துச் சந்தனப் பொட்டு வைத்தபோது, சுக்லாதியின் புத்தம் புதுத் துப்பாக்கியில் ஒரு நீலத் துண்டு ஒட்டியிருந்ததை மேஜர்தா பார்த்துவிட்டார்.

"பூஜையில வைக்கிற ஆயுதத்து மேல செருப்பா, சுக்லா?"

"கால் படாத புதுச் செருப்பு மேஜர்தா. கடையிலேர்ந்து நேரா வெட்டினது" என்றார் சுக்லாதி. மேஜர்தா சற்று யோசித்தார். பிறகு நீலத் துண்டிலும் சேர்த்து ஒரு பொட்டு வைத்தார்.

அந்தக் குளிர்காலத்தில் மாநிலப் போட்டி எங்கள் கொட்டகையிலேயே நடந்தது. சுக்லாதியின் கை எங்கும் தாண்டவில்லை. இருந்த இடத்திலேயே இரண்டு விரற்கடை நகர்ந்து திரும்பியது. நடுவில் ஷண்டிங் இன்ஜின் ஊதியபோது வெளியூர்க்காரர்கள் விழித்தார்கள். எங்கள் ஆட்கள் எழுந்து டீக்குப் போனோம். கடைசியில் நடுவர் தாளைக் கொடுத்தார். சுக்லாதி அதைப் பார்த்தார், என்னிடம் நீட்டினார். வடக்கே அந்த ஊரில், தப்பான துப்பாக்கியில், அவர் எடுத்த புள்ளி எதுவோ அதே புள்ளி. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

நான் அவர் உடைந்துபோவார் என்று நினைத்தேன். அவர் பாயில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாவம், அந்தப் பழைய துப்பாக்கிய எவ்வளவு திட்டியிருக்கேன். அது ஒண்ணும் கம்மி பண்ணலையே" என்றார். எனக்கு அன்று அவரை நினைத்து ஏற்பட்ட பெருமையை இன்றுவரை வேறு யாரை நினைத்தும் அடைந்ததில்லை. சட்டம் கொடுக்காததை அவர் செருப்பால் ஈடுகட்டினார். சட்டம் கொடுத்தபோது அதற்காகத் தன் கையையே மறுபடி முதலிலிருந்து வளர்த்தார். இரண்டு தடவையும் முழுசாக.

கல்யாணமாகி நான் சென்னைக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டில் யாரும் துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவில்லை, அப்பாவுக்குத்தான் ஏமாற்றம். கிளப் இருந்த நிலத்தை ரயில்வே திரும்ப எடுத்துக்கொண்டது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது தண்டவாளம் ஓடுகிறது. மேஜர்தா போய்விட்டார். சுடுகிற பிள்ளைகளுக்கு விதிகள் எவ்வளவோ தளர்ந்துவிட்டன என்கிறார்கள். அளவு, கை, நிறம் எல்லாம் சொல்லி வரவழைக்கிறார்களாம். வரட்டும், நல்லதுதான். சுக்லாதிக்கு மார்பில் கட்டி வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். அந்தச் செய்தி வந்த அன்று நான் அழுதது என் வீட்டுக்காரருக்கு ஆச்சரியமாக இருந்தது. அவரிடம் நான் சுக்லாதியைப் பற்றி அதிகம் சொன்னதில்லை.

மதியிடம் சொன்னேன். கத்தரிக்கோலை எடுத்துப் போக ஆள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வேகமாகச் சொன்னேன். இவ்வளவு விரிவாக இல்லை. குவளை உடைந்த கட்டத்தை மட்டும் அவள் கேட்டதற்காக மறுபடி சொன்னேன். கேட்டுவிட்டு மஞ்சள் கத்தரிக்கோலை எடுத்து இன்னொரு தாளை மடக்கினாள். இன்னும் வெட்டுப்படவில்லை, அலகுக்கு நடுவில் மடியத்தான் மடிந்தது. "அம்மா, இது கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "அந்த ப்ளூ செருப்புத் துண்டு இப்ப எங்க இருக்கு ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. தபன்தா அதை டல்ஹௌசியில் அதே கடையில் ஒப்படைத்திருந்தார். போன தடவை கொல்கத்தா போயிருந்தபோது நான் அங்கே போனேன். தாஸ்பாபு இல்லை, அவருடைய மகன் இருந்தார். பெயரைச் சொன்னதும் உள்ளே போய் எடுத்துவந்து கண்ணாடி மேசையில் வைத்தார். இடது பக்கத்தில் போல்ட். வலது பக்கத்தில் கட்டை பளபளவென்று இருந்தது. நான் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்ததைக் கண்டு அவர் பெருமையாகச் சொன்னார்.

"இங்க ஏதோ செருப்புத் துண்டு ஒட்டி வச்சிருந்தாங்க மேடம். சுரண்டி எடுத்துப் பாலிஷ் போட்டுட்டோம். இப்ப பாருங்க, யாரும் தொடாத மாதிரி இருக்கு."